ஆரை மடங்கும் நேரம்

அன்புள்ள அக்கா,

மலையகத்தில் பசறைப் பக்கம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வீட்டு வாசலில் ஒரு பேசினில் ஆரைக்கீரை வளர்க்கிறேன். பொழுது சாய்ந்தால் நாலு இலையும் மடங்கிவிடுகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினேன், விரியவில்லை. "களைச்சுப்போய்த் தூங்குது" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். சரியா? ஆரை சாப்பிட்டால் நல்ல தூக்கம் வருமாமே?

அன்புள்ள தங்கச்சி,

தூக்கத்துக்கு எது நல்லது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் செடி வாடவில்லை. இருட்டினால் மடங்கும், விடிந்தால் விரியும். ஆனால் "களைச்சுப்போய்" என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். அதைக் கேட்ட பிள்ளை இனி அந்தப் பேசினைத் திரும்பிப் பார்க்குமா?

அது மடங்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தீர்களா? நுனிப்பக்கத்து இரண்டு இலைகளும் எழும்பி, திருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கீழே உள்ள இரண்டும் வந்து அவற்றை வெளியிலிருந்து அணைத்துக்கொள்ளும். அடிப்புறம் வெளியே தெரிய, நட்டுக்குத்தாக ஒரு சின்னப் பொட்டலம். செடிகளின் அசைவைப் பற்றி 1880இல் வெளியிட்ட புத்தகத்தில் டார்வின் இதைத்தான் விவரிக்கிறார். பூக்காத செடிகளில் இப்படி உறங்குவதாகத் தனக்குத் தெரிந்தது ஆரை ஒன்றுதான் என்றும் எழுதுகிறார். ஆரை பன்ன (பெரணி) இனம், பூக்காது.

எங்கள் அம்மா டார்வின் பெயரைக் கேட்டதில்லை. தேயிலைக் கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு வரும் வழியில் வயலோரம் இறங்கி ஆரை பறிப்பார், வாசலில் கால் வைக்கும்போதே "ஆரை மடங்கிருச்சு, விளக்க ஏத்து" என்பார். இதை நான் வகுப்பில் சொன்னபோது ஆசிரியர் ஒருவர் "தோட்டத்துக் கதையெல்லாம் இங்க வேணாம்" என்று உட்காரவைத்தார். இன்றும் எனக்கு அது ஆறவில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் விடிந்தது முதல் இலையைப் பார்த்து, இலையைத் தொட்டு வாழ்ந்த பெண்கள் கண்டறிந்தது கதை, அதையே லண்டனில் அச்சடித்தால் அறிவு என்று எந்த நியாயத்தில் சொல்வது? உங்கள் வகுப்பில் இருப்பது அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று முதலில் அவர்களைக் கேட்டிருக்க வேண்டாமா?

தண்ணீரைப் பற்றி நீங்கள் நினைத்தது முழுப் பிழையில்லை. இலை காம்போடு சேரும் இடத்தில் ஒரு தடித்த மூட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கத்துக் கலங்கள் (செல்கள்) நீர் ஏறி விறைக்க, மறுபக்கம் நீர் இழந்து தளர, இலை அசைகிறது. பேசினில் ஊற்றும் நீர் செய்வது வேறு வேலை. ஆழம் கூடினால் காம்பு நீண்டு இலை மேலே மிதக்கும், வற்றினால் இலைகள் தரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும்.

ஏன் மடங்குகிறது என்று கேட்டால் இலையைக் கருக்கும் உறைபனியைப் பற்றிப் பேசுங்கள். டார்வின் புளியாரை இனத்து இலைகளை மடங்கவிடாமல் ஊசியால் குத்தி, தெளிந்த வானத்தின் கீழே இரவில் வைத்துப் பார்த்தார். மடங்கிய இலைகளைவிட அவைதான் அதிகம் கருகின. பசறையில் அந்தப் பனி விழாது. நுவரெலியாவில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை தை மாசத்துத் துகள் பனியில் தேயிலை கருகியதைச் சொல்லும்.

பாடசாலை விடும் நேரத்தில் செடி விரிந்துதான் இருக்கும். அதனால் ஆளுக்கொரு கொடியை ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மிதக்கிற இலையும் நிமிர்ந்த இலையும் ஒரே மாதிரி மடங்குகின்றனவா என்று பார்த்து எழுதட்டும். எழுதியதைத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள்.