ட்ரைக்கோடெர்மா: எங்கே பிரிப்பது, எப்படிச் சொல்வது?

கேள்வி: உளுந்து விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் கலக்கும் பூஞ்சாணத்தை உரக்கடையில் ‘ட்ரைச்சோடெர்மா’ என்கிறார்கள். வேளாண்மை படிக்கும் என் மகள் ‘ட்ரைக்கோடெர்மா’ என்கிறாள். எது சரி? ‘ட்ரை’ என்றால் மூன்றுதானே? அப்படியானால் மூன்று என்ன?
- வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. கிரேக்கத்திலிருந்து வந்த அறிவியல் சொற்களில் சி, ஹெச் இரண்டும் சேர்ந்து வந்தால் ‘க்’ என்றே ஒலிக்கும். குளோரின், குரோமோசோம் எல்லாம் அப்படித்தான். ஏன், ‘ஸ்கூல்’ என்ற சொல்லிலும் அதே இரண்டு எழுத்துகள்தான். அதை யாரும் ‘ஸ்சூல்’ என்பதில்லை.

இங்கே மூன்று என்ற பொருளே கிடையாது. ‘ட்ரை’யை மட்டும் வெட்டினால் மிஞ்சும் ‘கோடெர்மா’வுக்குக் கிரேக்கத்தில் பொருள் இல்லை, தவறான இடத்தில் வெட்டிவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். மயிருக்குக் கிரேக்கத்தில் ‘த்ரிக்ஸ்’. மரம், உருபு ஏற்கும்போது மரத்தை என்று மாறுவதுபோல, த்ரிக்ஸும் ஒலியில் சற்றே மாறி, ‘ட்ரிக்’ என்ற அடியாகிறது. ‘டெர்மா’ என்றால் தோல். நடுவில் வரும் ‘ஓ’ நம் சாரியையின் வேலையைச் செய்கிறது. ஆகப் பொருள்படி பிரித்தால் ட்ரிக் + ஓ + டெர்மா. 1794இல் பெர்சூன் என்ற பூஞ்சாண ஆய்வாளர் வைத்த பெயர் இது.

ஆங்கில ஒலிப்படி நான்கு அசை: ட்ரை-கோ-டெர்-மா. முதல் அசையை ‘ட்ரி’ என்று குறுக்கிச் சொல்வதும் வழக்கில் உண்டு, தவறில்லை. அழுத்தம் ‘டெர்’ மேல் விழ வேண்டும். ‘கோ’வை இழுக்காமல் லேசாக விட்டுவிடுங்கள். நோட்டில் வரி முடிவில் உடைக்க வேண்டி வந்தால் ‘டெர்மா’வுக்கு முன் உடையுங்கள். ஒலிப் பிரிப்பும் பொருள் பிரிப்பும் ஒத்துப்போகும் இடம் அதுதான்.

தமிழில் எழுதும்போது ‘க்’ இரட்டிப்பது அவசியம். ‘ட்ரைகோ’ என்று ஒற்றையாக எழுதினால் நம் வாய் அதை ‘அகம்’ என்பதில் வரும் மெலிந்த ஒலியாக்கிவிடும். பாக்கெட்டில் ‘டிரைக்கோ’ என்று இருப்பதும் பிழையல்ல, தமிழில் மெய் முதலில் வராது என்பதால் இகரம் சேர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து ஐந்து அசை என்று எண்ணிவிடக் கூடாது.

ட்ரைக்கோடெர்மாவுக்குப் பின்னால் சிற்றினப் பெயராக வரும் ‘விரிடி’ கிரேக்கம் அல்ல, லத்தீன். பச்சை என்று பொருள். கடைசியில் வரும் ஆங்கில ‘ஈ’ (e) எழுத்தை விழுங்கி ‘விரைட்’ என்று சொல்லாதீர்கள். வி-ரி-டி, மூன்று அசை.