தனியே பனிமலை ஏறியவரைத் தேடுவது வீண்வேலையா?

கேள்வி: ஜப்பானிய வீரர் நவோமி உவெமுரா 1984-இல் அலாஸ்காவின் டெனாலி மலையில் தனியாக ஏறி மறைந்தார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. துணையில்லாமல் பனிமலைக்குப் போவது வெறும் திமிர்தானே? அப்படிப்பட்டவர்களைத் தேடுவதற்காகப் பிறர் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்?

பதில்: உங்கள் முதல் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. உவெமுரா 1970-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் ஜப்பானியர் இருவரில் ஒருவர். அதே ஆண்டுக் கோடையில் இதே டெனாலியில் தனியாக ஏறி இறங்கினார். 1978-இல் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் தனியாக வட துருவத்தை அடைந்தார். தனியே போகிறவனுக்குப் பனியாற்றில் எது எமன் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

பனியாறு என்பது மலையில் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும் பெரும் பனிக்கட்டித் திரள். நகரும் வேகம் எங்கும் ஒன்றுபோல் இல்லாததால் அதன் மேற்பரப்பு ஆழமாகப் பிளக்கிறது. காற்று அடித்துச் சேர்க்கும் பனி அந்தப் பிளவின் வாயை மெல்லிய கூரைபோல் மூடிவிடுவதால், மேலே நடப்பவருக்குச் சமவெளி மட்டுமே தெரிகிறது. குழுவாகச் செல்கிறவர்கள் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு இடைவெளி விட்டு நடப்பது இதனால்தான்: ஒருவர் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் பனிக்கோடாரியை ஊன்றிப் பிடித்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த மறுமுனை இல்லை. அதற்கு மாற்றாகவே உவெமுரா நீண்ட மூங்கில் கழிகளை உடலோடு கட்டிக்கொண்டு நடந்தார். கால் உள்ளே போனாலும் கழிகள் பிளவின் இரு கரைகளிலும் படிந்து தாங்கும் என்பது அவர் கணக்கு. 1988-இல் அமெரிக்க வீரர் வெர்ன் டேஜஸ் இதே நோக்கத்துக்காக அலுமினிய ஏணியைச் சுமந்து சென்று, டெனாலியில் குளிர்காலத்தில் தனியாக ஏறி உயிருடன் திரும்பிய முதல் மனிதரானார். துணையோடு போவதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதும் இல்லை. அந்த மலையின் முதல் குளிர்கால ஏற்றத்துக்காக 1967-இல் சென்ற குழுவில் ஒருவர், கயிறு கட்டிக்கொள்ளாமல் நடந்தபோது, பயணத்தின் தொடக்கத்திலேயே பனிப்பிளவில் விழுந்து இறந்தார்.

இவ்வளவு ஆயத்தம் இருந்ததால் ஆபத்து சிறியது என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரி மாத டெனாலியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியைத் தாண்டி இறங்கும். காற்று மனிதனை நிற்கவிடாது. உவெமுரா 1984 பிப்ரவரி 12 அன்று, தம் 43-ஆம் பிறந்தநாளில், உச்சியைத் தொட்டார். மறுநாள் வானொலித் தொடர்பில் அதைத் தெரிவித்தார். அதன்பின் குரல் இல்லை. தேடியவர்கள் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருந்த பனிக்குகையில் அவருடைய நாட்குறிப்பைக் கண்டார்கள். ஜப்பானிலிருந்து அவருடைய மெய்ஜி பல்கலைக்கழக மலையேற்றச் சங்கத்தாரும் வந்து தேடினார்கள். உடல் கிடைக்காததில் மர்மம் ஏதும் இல்லை. கூட இருந்தவர் எவரும் இல்லாததால் அவருக்கு எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று சுட்டிக்காட்ட ஆளில்லை. சரிவில் வழுக்கினாரா, பிளவில் வீழ்ந்தாரா என்பதுகூடத் தெரியாத நிலையில் மலை முழுவதுமே தேட வேண்டிய இடமாகிவிடுகிறது. அதற்குள் ஒரு புயல் வீசினால் காலடித் தடமும் போய்விடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தேடுதல் என்பது விவேகமாக நடந்துகொண்டவருக்கு வழங்கும் பரிசு என்று நினைக்கிறீர்களா? உயிரோடு இருக்கக்கூடும் என்பதால்தான் தேடுகிறார்கள். நான் மேலே சொன்ன 1967 குழுவில் மூவர் உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது, 5,500 மீட்டருக்கும் மேலே புயலில் சிக்கி, பனியைக் குடைந்த பொந்தில் பல நாட்கள் அடைந்து கிடந்தார்கள். கீழே இருந்தவர்கள் அவர்கள் இறந்திருப்பார்கள் என்றே அஞ்சினார்கள். அவர்களோ உயிருடன் இறங்கி வந்தார்கள். பனிக்குகை தோண்டி வாழ்வதில் கைதேர்ந்த உவெமுராவுக்கும் அப்படியொரு வாய்ப்பு இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அதுதான் கொடுமை. மீட்புப் பணியாளர்களும் கண்ணை மூடிக்கொண்டு உயிரை வீசுகிறவர்கள் அல்லர். எஞ்சியிருக்கும் நம்பிக்கையைவிடத் தங்கள் ஆபத்து பெரிதாகும்போது அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். உவெமுராவுக்கான தேடலும் அப்படித்தான் நிறுத்தப்பட்டது. 2006 ஜனவரியில் பிரெஞ்சு வீரர் ழான்-கிறிஸ்டோஃப் லாஃபாய் இமயமலையின் மக்காலு சிகரத்தில் தனியாக ஏறும்போது செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசிவிட்டு மறைந்தார். அடிவார முகாமில் இருந்தவர்களால் அந்தக் குளிரில் அவ்வளவு உயரத்துக்கு ஏறிச்செல்ல இயலவில்லை.

தனியாகப் போகிறவர்களிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த வழியாக ஏறுகிறேன், எந்த வழியாக இறங்குகிறேன், எந்த நேரத்தில் தொடர்புகொள்வேன், எந்த நாளுக்குப் பிறகு என்னைத் தேட வேண்டாம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கடைசி வரியை எழுதத் தயங்குகிறவரை மலைக்கு அனுப்பக் கூடாது என்று நீங்கள் சொன்னால், அதில் நான் உங்கள் பக்கம்.