பைத்தானில் நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் கனெக்ட் செய்ததும் பிழை வருவது ஏன்?

சாக்கெட் (நிரல் நெட்வொர்க்கில் பேசும் முனை) எதற்கும் காத்து நிற்காதபடி செட்பிளாக்கிங்கில் ஃபால்ஸ் கொடுத்துவிட்டு, இணைப்பைத் தொடங்கும் கனெக்ட்டைக் கூப்பிட்டால் உடனே பிளாக்கிங்ஐஓஎரர் வருகிறது, லினக்ஸில் எண் 115, இணைப்பு தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்கவில்லை. 115 என்றால் ஈஇன்ப்ராக்ரஸ், அதாவது வேலை நடந்துகொண்டிருக்கிறது. காத்திருக்காதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள், எதிர்முனையின் பதில் வருமுன்பே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

எக்ஸப்ஷனாக வரும் இந்தப் பிழையைப் பிடிப்பதைவிட, கனெக்ட்டுக்குப் பதிலாகக் கூப்பிடும் கனெக்ட்_எக்ஸ் எனக்குப் பிடிக்கும். பிழை எண்ணை அப்படியே கையில் தரும். மேக்கில் அது 36, விண்டோஸில் 10035 (ஈவுட்பிளாக் என்ற வேறு பெயரில்). அதனால் 115 என்று நேரடியாக எழுதாமல் பிழை எண்களின் பெயர்கள் இருக்கும் எர்னோ மாட்யூலில் உள்ள ஈஇன்ப்ராக்ரஸ், ஈவுட்பிளாக் இரண்டோடும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், சாக்கெட் எப்போது தயார் என்று சொல்லும் செலக்டர்ஸ் மாட்யூலில் ஈவென்ட்_ரைட் (எழுதத் தயாரா என்று கேட்பது) போட்டுக் காத்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சாக்கெட் 'எழுதலாம்' என்று சொன்னதும் இணைப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். இணைப்பு மறுக்கப்பட்டாலும் அதே செய்திதான் வரும்! சாக்கெட்டின் நிலையைச் சொல்லும் கெட்சாக்ஆப்ட்டில் எஸ்ஓ_எரரை, அதாவது பிழை எண்ணை, கேட்டுப் பாருங்கள். 0 வந்தால் இணைந்துவிட்டது. லினக்ஸில் 111 வந்தால் எதிர்முனை மறுத்துவிட்டது. இதைப் பார்க்காமல் விட்டால் முதல் செண்டில் பிழை வெடிக்கும், நீங்கள் சம்பந்தமில்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பதிலே வராவிட்டால்? லினக்ஸ் சின் பாக்கெட்டை (இணைப்பு கேட்கும் முதல் செய்தியை) இயல்பாகப் பலமுறை திரும்ப அனுப்பிப் பார்க்கும்; கைவிட 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதென்றால் கெடுவை நீங்களே வைத்து, தாண்டியதும் சாக்கெட்டை மூடிவிடுங்கள்.

இன்னொன்று. கனெக்ட்டில் ஐபி முகவரிக்குப் பதில் டொமைன் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரைத் தேடும் வேலை பிளாக் ஆகும். செட்பிளாக்கிங் அதைக் கட்டுப்படுத்தாது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மெதுவாக இருந்தால் நிரல் முழுக்க நின்றுவிடும். பெயரைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் தனி ஓட்டத்தில்) முன்பே தேடி, முகவரியை மட்டும் கனெக்ட்டுக்குக் கொடுங்கள்.

சரி, இத்தனையும் தேவையா? ஐபி முகவரிக்குப் போகும் ஒரே ஒரு இணைப்பு 5 நொடிக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்றால் செட்டைம்அவுட்(5) போதும். நூற்றுக்கணக்கில் திறக்க வேண்டுமென்றால், பல வேலைகளை ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் நடத்தும் பைத்தான் மாட்யூலான அசின்க்ஐஓவின் ஓபன்_கனெக்‌ஷனை எடுங்கள். பெயர் தேடுவதையும் அது த்ரெட்டுக்குத் தள்ளிவிடும். கெடுவுக்கு அதை வெயிட்_ஃபாருக்குள் போட்டுவிடுங்கள்.