கொல்லம் ஆண்டு: எல்லாவற்றுக்கும் 825 கூட்டாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கல்குளம் பக்கத்துப் பழைய ஓலை ஆவணங்களை எக்செலில் பட்டியலிட்டு, அவற்றிலுள்ள கொல்லம் ஆண்டோடு (கேரளத்திலும் அதையொட்டிய தென் தமிழகத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு) 825 கூட்டிக் கி.பி. ஆண்டாக மாற்றியும் கால வரிசை குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் கார்த்திகை வரை 824, தை முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். 1012 ஆவணி என்றால் 1836. அதே 1012 மாசி 1837. மார்கழிதான் சிக்கல், பாதியில் ஜனவரி வந்துவிடும். ஓலையில் நாள் இல்லையென்றால் '1836-37' என்றே விடுங்கள், தயவுசெய்து ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இன்னொன்று, 1900க்கு முந்தைய நாளை எக்செல் தேதியாக ஏற்காது. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதனால்தான் வரிசை கலைகிறது. கொல்லம் ஆண்டு, மாதம் (ஆவணி 1, ஆடி 12), நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் எண்ணாக இட்டு அடுக்குங்கள். ஓலை வாசகத்துக்குத் தனி நெடுவரிசை. அதைத் திருத்தவே கூடாது.