பிராய்லர் தீவனத்தில் தாது உப்புக் கலவை, என்சைம் இரண்டும் கட்டாயம் சேர்க்க வேண்டுமா? சொந்தமாகத் தீவனம் கலக்குகிறேன்.

தாது உப்பு கட்டாயம். என்சைம், நீங்கள் எதை அரைத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதில் பைடேஸ் என்ற என்சைமை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பின்னால் இருக்கும் கணக்கு தெரியாமல் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

சொந்தமாகக் கலக்க ஆரம்பித்த இரண்டாவது பேட்ச். மூன்றாவது வாரத்தில் குஞ்சுகள் நடக்காமல் முட்டியில் உட்கார்ந்தே நகர்ந்தன. கால் பலவீனம் என்றால் கால்சியம் குறைவு, இதுதானே எல்லோரும் சொல்வது? சுண்ணாம்புக்கல் தூளை அள்ளிக் கூடுதலாகப் போட்டேன். அடுத்த சில நாளில் இன்னும் நிறைய உட்கார்ந்துவிட்டன, எச்சமும் தண்ணீராகப் போனது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், செத்த கோழி ஒன்றின் கால் எலும்பை உருவி எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். நல்ல எலும்பு படக்கென்று முறியும். இது பச்சைக் குச்சி மாதிரி வளைந்து கொடுத்தது. அலகை அழுத்தினால் ரப்பர். "கல் தூள் எவ்வளவு போட்டீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

குறைந்திருந்தது பாஸ்பரஸ். மக்காச்சோளம், சோயா பிண்ணாக்கு, தவிடு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு, ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைடேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் பைடேஸ் என்சைம் கோழியின் குடலில் போதுமான அளவு கிடையாது. இதில் கால்சியம் அதிகமானால் அது பைடேட்டோடு ஒட்டிக்கொண்டு பூட்டை இன்னும் இறுக்கிவிடும். முதல் மூன்று வாரத்துக்குக் கால்சியம் சுமார் 1%, கோழிக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் 0.45%, அதாவது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. நான் அந்தக் கணக்கைத்தான் குலைத்திருந்தேன்.

பைடேஸ் போட்டால் இந்தப் பூட்டு திறக்கும், கூடவே துத்தநாகம் போன்றவையும் கொஞ்சம் விடுபடும். கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் என்பது வழக்கமான அளவு. கிராமுக்கு 5000 யூனிட் உள்ள பொடி என்றால் டன்னுக்கு 100 கிராம் போதும். அது தோராயமாக 0.1% பாஸ்பரஸ் தரும் என்று வைத்தால், பாஸ்பரஸுக்காகப் போடும் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) டன்னுக்கு ஐந்து கிலோ போலக் குறைக்கலாம். டிசிபியில் இருக்கும் கால்சியமும் அதோடு குறையும், அதையும் கணக்கில் எடுங்கள். டிசிபியைக் குறைக்காமல் மேலே தூவினால் பெரும்பாலும் செலவுதான்.

மற்ற என்சைம்கள்? கோதுமை போட்டால் சைலனேஸ், பார்லி போட்டால் பீட்டா குளுக்கனேஸ் நிச்சயம் வேண்டும். அவற்றின் நார்ப்பொருள் குடலில் பசையாகி, எச்சம் ஒட்டும், தரையில் விரித்த ஆழ்கூளம் ஈரமாகும். வெறும் மக்காச்சோளம், சோயா தீவனத்தில் இவற்றால் கிடைப்பது குறைவு. பத்து என்சைம் பெயர் அச்சடித்த டப்பாவைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பது என் கருத்து.

நுண் தாதுக்களில் நான் சமரசம் செய்வதே இல்லை. மாங்கனீஸ் குறைந்தால் முட்டி வீங்கி, பின்பக்கத் தசைநார் இடம் விலகி, கால் பக்கவாட்டில் திரும்பிவிடும். அந்தக் குஞ்சு திரும்ப நடக்காது. தேவை என்னவோ கிலோவுக்கு 60 மில்லிகிராம்தான். செலினியம் அதைவிடச் சொற்பம், 0.15 மில்லிகிராம், அளவு மீறினால் அதே செலினியம் விஷம். அதனால் தனித்தனியாக வாங்கி நிறுக்காமல், கோழிக்கென்றே செய்த கலவையாக வாங்குங்கள். மாட்டுத் தாது உப்பு மிச்சம் இருக்கிறதே என்று போடுவதும் வேண்டாம், அதன் விகிதம் வேறு.

அப்புறம், 100 கிராம் பொடியை நேராக ஒரு டன்னில் கொட்டினால் ஒரு மூட்டையில் எல்லாம் இருக்கும், இன்னொன்றில் ஒன்றும் இருக்காது. முதலில் இரண்டு கிலோ சோள மாவில், பிறகு இருபது கிலோவில் கலந்து அதற்குப் பின் மிக்சரில் போடுங்கள்.

தூள் தீவனமாகவே கொடுத்தால் இதோடு சரி. ஆவியில் சூடாக்கி அழுத்திய பெல்லட் குருணையாகப் போடுகிறீர்கள் என்றால் ஆலையில் சூடு எவ்வளவு என்று கேளுங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் சாதாரணப் பைடேஸில் பெரும்பகுதி செத்துவிடும், நீங்களோ அதை நம்பி டிசிபியைக் குறைத்திருப்பீர்கள். சூடு தாங்கும் வகையாக வாங்குங்கள், அல்லது பெல்லட் ஆறிய பிறகு திரவமாகத் தெளிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் டிசிபியில் கை வைக்காதீர்கள்.