ஜூலையில் பார்த்த மான் நவம்பரில் எங்கே?

வணக்கம் ஐயா,

டென்வரில் ஆறு வருடமாக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மான் வேட்டைக்காரர். நவம்பர் கடைசியில்தான் அவருக்கு வேட்டை. ஆனால் ஜூலை பிறந்ததுமே சனிக்கிழமைதோறும் மலைக்குப் போய்விடுகிறார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். பதினோராயிரம் அடிக்கு மேலே, விடிகாலைக் குளிரில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (காலில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) நிறுத்தி மூன்று மணி நேரம் பார்த்தோம். ஏழு ஆண்மான்கள் மேய்ந்தன. "நவம்பரில் இதில் ஒன்றுகூட இங்கே இருக்காது" என்று அவரே சொன்னார். அப்புறம் எதற்கு இந்த அலைச்சல்? கொல்லப்போகிற உயிரை மாதக்கணக்கில் வேவு பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் கொலராடோவில் வேட்டைக்காரர்களோடு மலையேறியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

டென்வர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. நீங்கள் பார்த்தது மியூல் டீர். கோவேறு கழுதைக்கு (மியூல்) இருப்பதுபோன்ற நீளமான காதுகளால் வந்த பெயர். ஜூலையில் ஆண்மான்கள் கூட்டாக, மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே திறந்த புல்வெளியில் நிற்கும். உடம்பு செம்பழுப்பு. கொம்பு வளர்ந்துகொண்டிருக்கும், அதன்மேல் ரத்தம் ஓடுகிற மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அந்தத் தோல் உரியும். மான் சாம்பல் நிறத்துக்கு மாறி, கூட்டம் கலைந்து, அடர்ந்த மரங்களுக்குள் போய்விடும். ஒன்றரை அடிக்குப் பனி விழுந்தால் அதற்கு நடப்பதே கஷ்டம், கீழே இறங்கித்தான் ஆகவேண்டும்.

நானும் முதல் தடவை மானைத்தான் பார்த்தேன். ஃப்ளாட் டாப்ஸ் மலைமேல், ஒரு ஜூலை காலை. என்னைக் கூட்டிப்போன பெரியவர் பத்து நிமிடம் மானைப் பார்த்துவிட்டு ஸ்கோப்பை மேற்கே திருப்பிவிட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் பார்த்தது இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்திருந்த ஒரு கணவாய். அந்தப் பக்கத்து மான்களில் பெரும்பகுதி குளிர்காலத்துக்கு மேற்கே பீசான்ஸ் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். எந்தக் கணவாய் வழியாக இறங்கும், நடுவழியில் எந்தத் திட்டில் நின்று மேயும், எந்தச் சரிவில் பனி சீக்கிரம் கரைந்து புல் தெரியும், இதைத்தான் அவர் கோடை முழுக்கத் தேடினார். மறுநாள் அந்தக் கணவாய்க்கு நடந்தே போனோம். ஒரு சாண் ஆழத்துக்கு மான்தடம் பதிந்திருந்தது. எத்தனை வருடத்துக் குளம்புகளோ! ஓரத்து இளமரங்களில் போன இலையுதிர்காலத்தில் கொம்பு தேய்த்த காயம் காய்ந்து கிடந்தது.

இந்த மான்கள் வருடாவருடம் ஏறக்குறைய அதே வழியில்தான் போகும். குட்டி தாயின் பின்னால் நடந்தே வழியைக் கற்கிறது. பக்கத்து வயோமிங்கில் ரேடியோ பட்டை கட்டிப் பார்த்தபோது, ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் வரை சுமார் 240 கிலோமீட்டர் போகிற கூட்டம் ஒன்று தெரியவந்தது. 2014-ல் அது வெளியானபோது அங்கே பலருக்கும் வியப்பு. ஆக, ஜூலையில் உங்கள் நண்பர் படிப்பது மானின் ஞாபகத்தை.

நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் வந்துவிடும். அதுவரை ஒளிந்திருந்த பெரிய ஆண்மான்கள் பெண்மான்களைத் தேடி வெளியே வரும். உங்கள் நண்பர் போகிற நவம்பர் கடைசி வேட்டை, கொலராடோவில் துப்பாக்கி வேட்டைக்கு ஒதுக்கிய நான்காவது ரைஃபிள் பருவம், ஐந்தே நாள். 1999 முதல் அங்கே மான் வேட்டை அனுமதி எல்லாமே குலுக்கல்தான், கிடைக்க வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருந்து கிடைத்த ஐந்து நாளில் முழங்கால் பனியில் நின்று வரைபடத்தைப் பிரித்தால் ஒன்றும் நடக்காது.

இப்போது உங்கள் மனதை உறுத்துகிற விஷயம். நாம் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள், மானைச் சுடுவது என்றாலே நமக்குக் குற்றம். எனக்கும் துப்பாக்கி எடுக்கத் தோன்றியதில்லை. ஆனால் ஒரு நவம்பரில் இன்னொருவரோடும் போயிருந்தேன். அந்த மலையை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மான் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல், கடைசி நாள் பதற்றத்தில் பள்ளத்தாக்குக்கு அப்பால் வெகுதூரத்தில் நின்றதைச் சுட்டார். அடிபட்டது, விழவில்லை. ரத்தத்துளிகளைப் பின்தொடர்ந்து இருட்டும்வரை நடந்தோம். ராத்திரி பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அந்த மானை நான் இன்னும் மறக்கவில்லை. நிலம் தெரிந்தவன் கிட்டே போய்க் காத்திருப்பான், சரியாக நிற்காத மானை விட்டுவிடுவான், இறைச்சியை எந்த வழியாகச் சுமந்து இறக்குவது என்று கோடையிலேயே யோசித்திருப்பான். சாப்பிடத்தக்க இறைச்சியை வீணாக்குவது அங்கே சட்டப்படியும் குற்றம். வேட்டைக்காக ட்ரோன் விட்டு மான் தேடவும் அங்கே தடை. அது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். கால் வலிக்க நடக்காதவனுக்கு அந்த மலையில் எதையும் கொல்லும் உரிமை கிடையாது என்பது என் கட்சி.

ஆகஸ்ட் கடைசியில் அவர் மறுபடி கூப்பிட்டால் போங்கள். மதியத்துக்குள் முகட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், கோடை இடி அங்கே ஆளைக் கொல்லும். அந்த ஏழில் எத்தனை கொம்புத்தோலை உரித்திருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.