மஞ்சக்காட்டை விற்காதீங்க

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்கிறார்: மகள் இரண்டாம் முறை எழுதியும் நீட் கைகூடவில்லை. மஞ்சக்காட்டை விற்று மேனேஜ்மெண்ட் சீட் வாங்கச் சொல்லி மச்சான்மார் நெருக்குகிறார்கள். பிள்ளையோ, 2021இல் அப்புச்சிக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததிலிருந்து, பூஞ்சைக்குக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தை ஏன் கெடுத்தது என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனால் காட்டை விற்காதீங்க, கடனும் வாங்காதீங்க. பிள்ளை கேட்கும் கேள்விக்கு வழி பி.ஃபார்ம் என்னும் மருந்தியல் பட்டப்படிப்பில் இருக்கு, அதற்கு நீட் வேண்டாம்.

கருப்புப் பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்தான ஆம்ஃபோடெரிசின் பி, பூஞ்சைச் சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்பைப் பிடித்து ஓட்டை போடும். நம் செல்லின் கொலஸ்டிராலும் அதே சாயல் என்பதால் சிறுநீரகமும் அடி வாங்கும். 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்பு உருண்டையில், அதாவது லிபோசோமில், ஏற்றிக் கொடுத்தால் அந்த அடி வெகுவாகக் குறையும். சாதா மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் போகிற இடத்தில் இது 5 வரை போகும். 60 கிலோ ஆளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குப்பி ஆறு. செலவு எங்கே ஏறுதுன்னு பாருங்க; அதைக் குறைப்பதும் இத்துறையின் வேலைதான்.

இந்த உருண்டையைச் செய்யும் விதம் இதுதான்: லிப்பிடு என்னும் கொழுப்பையும் மருந்தையும் கரைத்து, கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் சுழலவிட்டால் குடுவைச் சுவரில் இளமஞ்சள் படலம் படியும். படலம் திட்டுத்திட்டாக இருந்தாலோ கரைப்பான் மிச்சம் நின்றாலோ உருண்டைகள் ஒரே அளவில் வராது. லிப்பிடு இளகும் சூட்டுக்கு மேலே வைத்து பஃபர், அதாவது அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல், ஊற்றணும், பிறகு 100 நானோமீட்டர் துளைச் சவ்வு வழியே திரும்பத் திரும்பத் தள்ளணும். வெளிச்சம் ஆகாது, அலுமினியத் தாள் சுற்றியே வைக்கணும். உப்புக் கரைசலில் கலந்தால் மருந்து திரிந்துபோகும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசல்தான் சேரும். இப்போது உருண்டையின் மேலே டெக்டின்-1 புரதத்தைப் பூசி, பூஞ்சைச் சுவரைத் தானே தேடி ஒட்டும்படி செய்கிறார்கள். அது எலிகளில் பார்த்த அளவில்தான் நிற்கிறது. செய்ய வேலை நிறையக் கிடக்கு.

பி.ஃபார்ம் 4 வருடம். அதோடு நிறுத்தினால் பலருக்கும் மருந்துக்கடையோ ரெப் வேலையோதான், அதையும் மறைக்க மாட்டேன். ஜிபேட் என்னும் நுழைவுத்தேர்வில் தேறி, எம்.ஃபார்ம் மேற்படிப்பில் மருந்தை வடிவமைக்கும் ஃபார்மசூட்டிக்ஸ் பிரிவில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 2 வருடம். கல்லூரி பார்க்கப் போகும்போது பார்மசி கவுன்சில் அங்கீகாரத்தைக் கேளுங்க. அப்படியே துகள் அளவு பார்க்கும் கருவியின் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்க. கடைசியாக எப்போது ஓடியதுன்னு அதில் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கிட்டே போங்க, கேள்விகளை அவளே கேட்கட்டும்.